வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகைத் திருத்தம்: கல்லுக்கா செலவு, கதிரைக்கா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியப் பாராளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையை முழுமையாகத் திருத்தியமைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வாதிட்டுத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மாளிகை பழுதடைந்திருக்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பழுதை விவரித்துத் தொடங்கிய அந்தக் கட்டுரை, இவ்வளவு தொகை எதற்காகத் தேவைப்படுகிறது என்று ஓரிடத்திலும் நின்று கேட்காமலே, செலவை ஏற்றுக்கொள்வதில் வந்து முடிந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்த நான், ஓய்வுபெறும் வரை இலண்டனில் பழைய பொதுக் கட்டடங்களின் கொதிகலன், நீர்க்குழாய், வடிகால் ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். கட்டடங்களை அவற்றின் நிலவறைப் பக்கமாகவே அறிந்தவன் என்று சொன்னாலும் பொருந்தும்.

முதலில் பணக் கணக்கு. இந்த மாளிகைக்கும் மதிப்பீட்டுத் தொகைக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துவந்ததில்லை. 1834 ஒக்டோபர் 16ஆம் நாள், கணக்கைக் கீறிவைக்கப் பயன்பட்டு, பயன்பாடு முடிந்த பழைய மரக் குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த உலைகளில் அளவுக்கு மீறி இட்டு எரித்ததனால் பழைய மாளிகையின் பெரும்பகுதி தீக்கிரையானது. அதற்குப் பின் நடந்த போட்டியில் 97 வரைபடங்களிடையே தேர்வான சார்ள்ஸ் பரி, ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 725,000 பவுணில் புதிய மாளிகையை முடித்துத் தருவதாகக் கணக்குக் கொடுத்தார். வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. செலவு 2 மில்லியன் பவுணைத் தாண்டியது. பரி 1860இல் இறந்துபோக, மகன் எட்வர்ட் எஞ்சியதைப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்த சுண்ணாம்புக் கல்லோ, இலண்டன் புகையில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே உதிரத் தொடங்கிவிட்டது.

அது அந்தக் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாதபடி, நம் கண்முன்னேயே மணிக்கூட்டுக் கோபுரத்தின் திருத்தம் நடந்து முடிந்தது. பிக் பென் மணியை 2017 ஓகஸ்டில் நிறுத்திவைத்துச் செய்த அந்த வேலைக்கு முதலில் சொல்லப்பட்ட தொகை 29 மில்லியன் பவுண். முடிவில் ஆனது ஏறத்தாழ 80 மில்லியன். அஸ்பெஸ்டோஸ் இருந்தது, ஈயப் பூச்சு இருந்தது, போர்க்காலக் குண்டுவீச்சின் சேதம் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது என்று காரணங்கள் கூறப்பட்டன. காரணங்கள் உண்மையானவையே. பழைய கட்டடமொன்றின் சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது, திறக்கும் வரை எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒற்றைக் கோபுரத்துக்கு ஏற்பட்ட பெருக்கம் 1,100 அறைகளும் 100 படிக்கட்டுகளும் மூன்று மைல் நீளமான நடைகளும் கொண்ட முழு மாளிகைக்கும் ஏற்படாது என்று நம்பும்படி நம்மிடம் கேட்கிறார்கள். பிரபுக்கள் சபை உறுப்பினர்களுக்கான வாசலொன்றைப் பாதுகாப்புக்காக மாற்றியமைக்க 9.6 மில்லியன் பவுண் செலவானதும், அந்தக் கதவு ஒழுங்காக இயங்கவில்லை என்று அந்தச் சபையிலேயே முறைப்பாடு எழுந்ததும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன.

முழுத் திட்டத்தின் தொகை எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2015இல் வெளியான ஆய்வு, இரு சபைகளும் முழுவதுமாக வெளியேறிக்கொடுத்தால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் 3.5 முதல் 3.9 பில்லியன் பவுண் வரையில் வேலையை முடிக்கலாம் என்றது. அதை நம்பித்தான் 2018 ஜனவரியில் பொதுச்சபை வெளியேறுவதற்கு வாக்களித்தது. அதுவும் 236க்கு 220 என்ற சிறு வேறுபாட்டில். 2019இல் சட்டமும் இயற்றப்பட்டது. 2022இல் வெளிவந்த முதற்கட்ட மதிப்பீடு, அதே வேலைக்கு 7 முதல் 13 பில்லியன் பவுண் வரை ஆகும் என்றும், 19 முதல் 28 ஆண்டுகள் வரை பிடிக்கும் என்றும் கூறியது. உறுப்பினர்கள் உள்ளேயே இருந்துகொண்டு வேலை நடக்க வேண்டுமானால் 22 பில்லியன் வரையும் 76 ஆண்டுகள் வரையும் போகலாமாம். அதன் பின் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வாசகர்கள் தங்கள் கடைச் சிட்டையைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். வாக்களித்த நாளுக்கும் அந்த மதிப்பீட்டுக்கும் இடையே நான்கே ஆண்டுகள். ஒரு கல்லைக்கூடப் புரட்டாமலே தொகை இரண்டு, மூன்று மடங்காகிவிட்டது.

இதற்கு மறுமொழியாக எப்போதும் சொல்லப்படுவது, திருத்தாமல் விட்டாலும் ஒட்டுப்போடுவதற்கே வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லியன் பவுண் கரைகிறது என்பது. 2023இல், அரச செலவைக் கண்காணிக்கும் பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவே எடுத்துரைத்த தொகை அது. தங்கள் கட்டுரையாளரும் அதைத் தடித்த எழுத்தில் தந்திருந்தார். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 104 மில்லியன். அந்தக் கணக்கில் 7 பில்லியன் என்பது 67 ஆண்டுகளுக்கான ஒட்டுப்போடும் செலவு. 13 பில்லியன் என்றால் 125 ஆண்டுகளுக்கானது. ஒட்டுப்போடும் செலவும் ஆண்டுக்காண்டு கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் மிச்சப்பிடிப்பதற்காகவே செலவழிக்கிறோம் என்ற வாதம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

இனி நான் அறிந்த பக்கத்துக்கு வருகிறேன். இந்த மாளிகையின் நிலவறையைப் படங்களில் பார்த்தவர்களுக்கு அதன் நிலைமை புரியும். நீராவிக் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக, எது உயிருள்ளது எது செத்தது என்று பிரித்தறிய முடியாதபடி ஓடுகின்றன. கழிவுநீரை மேலேற்றித் தள்ளுவதற்கு 1888இல் பொருத்திய இயந்திரங்களை அண்மைக் காலம் வரை நம்பியிருந்தார்கள். (அவற்றைச் செய்தவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும், இன்றைக்கு வாங்கும் பம்பு பத்து ஆண்டு ஓடினாலே அதிசயம்.) இத்தகைய கட்டடத்தில் எந்த வேலைக்குப் பணம் அதிகம் போகும் என்று என்னைக் கேட்டால், கூரைக்கும் கல்லுக்கும் என்று சொல்ல மாட்டேன். கல் வேலை மெதுவானது, கைவேலை, செலவானதும்கூட. ஆனால் அளந்து, பகுதி பகுதியாகப் பிரித்து, இன்ன ஆண்டுக்கு இன்ன பகுதி என்று செய்யக்கூடியது. இதே மாளிகையில் இரும்பு ஓடுகள் வேய்ந்த கூரைகளை அவ்வாறுதான் படிப்படியாகத் திருத்தினார்கள். பணத்தை விழுங்குவது, நானூறு, ஐந்நூறு அறைகளில் ஆட்கள் நாள் முழுவதும் இருந்து வேலைசெய்யக்கூடிய இருபத்தோராம் நூற்றாண்டுக் கந்தோர் ஒன்றை, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவர்களுக்குள் அந்தச் சுவர்களுக்குச் சேதமின்றிச் செருகும் வேலை. குளிரூட்டலும் தரவுக் கம்பிகளும் மின்தூக்கிகளும் குண்டு தாங்கும் கண்ணாடிகளும் நூற்றுக்கணக்கான கழிவறைகளும் சமையற்கூடங்களும் புதிதாக வர வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் செதுக்கு மரப் பலகைகளை எண்ணிட்டுக் கழற்றி, களஞ்சியத்தில் வைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். வெவ்வேறு உயரங்களில் 65 தளமட்டங்கள் கொண்ட ஒரு கட்டடத்தில், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடையின்றிப் போக வழிசெய்வது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே வசதியைப் புதிய, தட்டையான கட்டடமொன்றில் வரைபடத்திலேயே கொடுத்துவிடலாம்.

என்னுடைய எதிர்ப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழமையைக் காப்பதற்கென்று சொல்லி நம்மிடம் கேட்கப்படும் தொகையின் பெரும்பகுதி, உறுப்பினர்கள் திரும்பி வந்து அதே இடத்தில் அமர்வதற்கான விலை. அவர்கள் திரும்பி வரத் தேவையில்லை என்று ஒரு முறை தீர்மானித்துவிட்டால், மாளிகைக்கு வேண்டியது எந்தப் பழைய கட்டடத்துக்கும் வேண்டியதே: ஒழுகாத கூரை, அடைபடாத பீலி, விழாத கல், தீப்பிடிக்காத மின்னிணைப்பு, வருவோர் பாதுகாப்பாக வெளியேறும் வழி. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரி தொடங்குமுன் ஓடு பார்த்து, முற்றத்துப் பீலியில் சேர்ந்த மாவிலைச் சருகை அள்ளிப் போட்டுவிட்டால் அந்த வீடு நூறு ஆண்டு நிற்கும். அதே வீட்டுக்குள் தங்குவிடுதிக்குரிய வசதிகளை எல்லாம் புகுத்த வெளிக்கிட்டால், இடித்துக் கட்டுவதைவிட அதிகம் செலவாகும்; வீடும் வீடாக இராது.

தீ விபத்து அச்சம்தான் இத்திட்டத்துக்குச் சார்பான மிகப் பலமான வாதம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். 2016 முதல் 2023 வரையில் மாளிகையில் 44 தீச் சம்பவங்கள் பதிவானதாகப் பொதுக் கணக்குக் குழு கூறியது. இரவும் பகலும் தீக்காவலர்கள் சுற்றி வருகிறார்கள். ஒரு பொதுக் கட்டடம் எரிந்து போவதென்றால் என்ன என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சாம்பலைப் பார்த்த ஒருவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் ஓலைச்சுவடிகளும் ஒற்றைப் பிரதியாக இருந்தவையும் அடங்கும். சுவரைத் திரும்ப எழுப்ப முடிந்தது, அவற்றைத் திரும்பப் பெற முடியவில்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், திரும்பப் பெற முடியாததை முதலில் அப்புறப்படுத்த வேண்டும் என்பது. வெஸ்ட்மின்ஸ்டரில் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். விக்டோரியாக் கோபுரத்தில் இருந்த பாராளுமன்ற ஆவணக் காப்பகம், 1497 முதலான சட்ட மூலப் பிரதிகளோடு, இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வேலைசெய்யும் ஓரிடத்தில், சமையலும் வெப்பமூட்டலும் கணினிகளும் ஓய்வின்றி இயங்கும் ஓரிடத்தில், தீ அபாயம் உயர்ந்தே இருக்கும். அந்த நெரிசலை நிரந்தரமாகக் குறைப்பதுதான் மலிவான தீத்தடுப்பு. பழைய மின்னிணைப்பை அகற்றுவது, நிலவறையில் தீத் தடுப்புச் சுவர்கள் எழுப்புவது, நுண்துளி நீர் தெளிப்பான்கள் பொருத்துவது, அஸ்பெஸ்டோஸைப் பிரித்தெடுப்பது ஆகியவற்றை நான் எதிர்க்கவில்லை. அவை பல பில்லியன் திட்டத்தின் வாலாகத் தொங்கிக்கொண்டு இருபது ஆண்டு காத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மரபு என்ற சொல்லும் தங்கள் கட்டுரையில் பலமுறை வந்திருந்தது. எந்த மரபு என்று கேட்க வேண்டும். 1097 அளவில் கட்டிமுடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமும், இரண்டாம் ரிச்சர்ட் அரசனின் காலத்து மரக் கூரையும் உண்மையிலேயே பழமையானவை. அவை மாளிகையில் என்றும் இருக்கும், உறுப்பினர்கள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் தொலைக்காட்சியில் நாம் காணும் பொதுச்சபை மண்டபம் 1941 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்து, 1950இல் மீண்டும் திறக்கப்பட்டது. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள் சிலவற்றை விட இளையது. அதைக் கட்டியபோது பொதுநலவாய நாடுகள் தளபாடங்களை அன்பளிப்பாக வழங்கின. சபாநாயகர் ஆசனம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வாயிற் கதவுகள் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தன. சபையின் ஒழுங்கைக் காக்கும் அதிகாரியான படைக்கலச் சேவிதர் அமரும் கதிரை இலங்கையிலிருந்து வந்தது. அந்தக் கதிரையைத் தூக்கி வேறொரு மண்டபத்தில் வைப்பதற்கு எத்தனை பவுண் ஆகும்? 650 உறுப்பினர்கள் உள்ள சபைக்கு அந்த மண்டபத்தில் 427 பேருக்குத்தான் இருக்கை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு பில்லியனைக் கொட்டிய பின்னரும் முக்கியமான விவாத நாட்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாசலில் நின்றுகொண்டுதான் கேட்பார்கள்.

அந்த வளவின் மீது எனக்குப் பற்று இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் எதிரேயுள்ள சதுக்கத்தில், இலங்கையில் போரை நிறுத்தக் கோரி நம்மவர் இரவு பகலாக நின்றபோது, மழையில் நனைந்தபடி அந்தக் கோபுரத்து மணியை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். 2024இல் ஸ்ராற்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியிலிருந்து உமா குமரன் முதலாவது தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினராக உள்ளே சென்றபோது மகிழ்ந்தவர்களிலும் ஒருவன். நாம் அன்று குரல் கொடுத்தது உள்ளே இருந்தவர்களின் காதுகளை நோக்கித்தான். அவர்கள் வேறொரு தெருவில் இருந்திருந்தால் அந்தத் தெருவில் போய் நின்றிருப்போம்.

பாராளுமன்றம் இடம் மாறுவது நடக்காத காரியமும் அல்ல. இலங்கைப் பாராளுமன்றம் காலிமுகத்திடலில் 1930இல் திறக்கப்பட்ட கட்டடத்தை விட்டு, 1982இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடத்துக்குப் போனது. பழையது ஜனாதிபதிச் செயலகமாகி இன்றும் நிற்கிறது. அந்நாட்டின் மக்களாட்சிக்கு நேர்ந்த கேடுகளுக்கு இடமாற்றத்தைக் காரணமாகச் சொல்பவர் எவருமில்லை. டில்லியிலும் 2023இல் வட்ட வடிவப் பழைய கட்டடத்தை விட்டுப் புதியதுக்குப் போய்விட்டார்கள். அதன் அவசியம் பற்றிய சர்ச்சை வேறு. மறுபுறம், திரும்பி வருவதற்காகவே வெளியேறியவர்களின் கதையும் இருக்கிறது. நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் பாராளுமன்றத்துக்குரிய பின்னன்ஹோஃப் வளாகத்தைத் திருத்த 475 மில்லியன் யூரோ என்று தொடங்கினார்கள்; 2021இல் இடம்பெயர்ந்தார்கள்; இன்று தொகை 2 பில்லியன் யூரோவைத் தாண்டிவிட்டது, வேலை முடியவில்லை.

புதிய கட்டடம் என்றால் மலிவாக முடிந்துவிடும் என்று நான் வாதிடவும் மாட்டேன். எடின்பரோவில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு 40 மில்லியன் பவுண்வரை ஆகும் என்று 1997இல் சொல்லி, 2004இல் 414 மில்லியனில் முடித்தார்கள் என்பதை மறந்துவிடவில்லை. பத்து மடங்கு. ஆனால் பத்து மடங்காகிய பின்னரும் அது அரை பில்லியனுக்குக் கீழே நின்றது என்பதையும், ஐந்து, ஆறு ஆண்டுகளில் கட்டி முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அத்துடன் வெஸ்ட்மின்ஸ்டரைச் சுற்றி அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள் ஏற்கெனவே நிறைய உள்ளன. பிரபுக்கள் சபைக்கு இரண்டாம் எலிசபெத் மாநாட்டு மண்டபத்தையும், பொதுச்சபைக்கு ரிச்மண்ட் ஹவுஸ் வளாகத்தையும் தற்காலிக இடங்களாக முன்னரே ஆராய்ந்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குத் தற்காலிகமாக ஓரிடத்தை முழுப் பாதுகாப்போடு அமைத்துவிட்டு, பிறகு அதை விட்டுத் திரும்புவதற்கு இன்னொரு தொகை செலவழிப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. தற்காலிகத்தையே நிரந்தரமாக்கிவிட்டால் இரண்டாவது செலவு இல்லை. மன்னர் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தைத் தொடக்கி வைக்கும் சடங்கு பழைய மாளிகையிலேயே நடக்கட்டும். ஏனைய நாட்களில் பள்ளிப் பிள்ளைகளும் உல்லாசப் பயணிகளும் வரட்டும், கட்டணத்தில் ஒரு பகுதி கல் வேலைக்குப் போகட்டும்.

இந்தத் தொகையால் வேறென்ன செய்திருக்கலாம் என்று பட்டியல் போடுவது எளிது என்பதால் அதை நீட்ட விரும்பவில்லை. கிழக்கு இலண்டனில் நம்மவர் பலருக்குத் தெரிந்த விப்ஸ் குறொஸ் மருத்துவமனையின் புதிய கட்டட வேலை 2032க்கு முன் தொடங்காது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். 13 பில்லியன் பவுணை இந்நாட்டு மக்கள்தொகையால் வகுத்தால், நேற்றுப் பிறந்த குழந்தை உட்படத் தலைக்கு ஏறத்தாழ 190 பவுண் வரும்.

என் வேலைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நான் பராமரித்த விக்டோரியாக் காலத்துப் பள்ளிக்கூடமொன்றில், கூரைப் பீலியைத் துப்புரவாக்கும் வேலையைச் செலவை மிச்சப்பிடிப்பதற்காக மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நிறுத்தி வைத்தார்கள். நான்காம் ஆண்டு மழைநீர் சுவருக்குள் இறங்கி, மண்டபத்தின் மேற்பூச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் விழுந்தது. அதன் பின் ஆலோசகர்கள் வந்தார்கள்; பூச்சைத் திருத்துவதோடு நில்லாமல் ஒளியமைப்பு, ஒலியமைப்பு, புதிய நுழைவாயில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நாங்கள் பத்து ஆண்டுகளுக்குக் கேட்டிருக்கக்கூடிய பராமரிப்புப் பணம் ஒரே ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. திறப்பு விழா முடிந்த அடுத்த ஆண்டு, பீலி துப்புரவாக்குவதற்குப் பணமில்லை என்று மீண்டும் கடிதம் வந்தது.

ஆகவே தங்கள் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கட்டச் செலவுக்குப் பாராளுமன்றம் ஒப்புதல் கொடுக்குமுன், தத்தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதி, இரண்டு தொகைகளைத் தனித்தனியாக வெளியிடுமாறு கோருங்கள்: மாளிகையை மாளிகையாகப் பாதுகாத்து வைப்பதற்கு ஆகும் தொகை எவ்வளவு, அதில் இரு சபைகளும் மீண்டும் வந்து இயங்குவதற்காகக் கூடுதலாக ஆகும் தொகை எவ்வளவு. நான் எழுதிவிட்டேன். மறுமொழி வந்தால் தங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டடப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈஸ்ட்ஹாம், இலண்டன்.